வீட்டுப் பெயின்ட் பூத்: எப்போதாவது தெளிப்பவருக்கு ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் போன்ற பகுதிகளில் வீட்டுக் கராஜிலேயே ஸ்பிரே கன் பிடிப்பவர்களுக்குக் குறைவில்லை. கடற்காற்றில் துருப்பிடித்த இரும்புக் கேட், தாத்தா காலத்து மேசை, உரசிப்போன பம்பர், தைப்பூசத்துக்கு முன் புதுப்பிக்க வேண்டிய காவடிச் சட்டம் என்று ஆண்டுக்குச் சில முறையாவது பெயின்ட் தெளிக்கும் தேவை பல குடும்பங்களுக்கு வருகிறது. இவர்களிடம் பெயின்ட் பூத் என்றால் என்னவென்று கேட்டால், "நாலு பக்கமும் பிளாஸ்டிக் தாள் கட்டிய இடம், தூசி உள்ளே வராது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை மட்டும் நம்பிக் கட்டிய பூத், திறந்த முற்றத்தில் தெளிப்பதைவிட ஆபத்தானது. நாலு பக்கமும் மூடினால் வெளித்தூசி உள்ளே வராது. உள்ளே உண்டாகும் ஆவி வெளியே போகவும் போகாது. பூத்தின் வேலையைச் செய்வது காற்றோட்டம்தான். ஒரு முனையில் நுழைந்து, பெயின்ட் அடிக்கும் பொருளைக் கடந்து, மறு முனையில் வெளியேறும் காற்று இருந்தால்தான் அது பூத். சுவர்கள் அந்தக் காற்று வழி மாறாமல் செல்வதற்காகவே தேவைப்படுகின்றன. காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் கூடாரத்தைப் பூத் என்று அழைப்பதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆண்டுக்குச் சில முறை நிறுத்தி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடிய சிறு பூத் எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் இக்கட்டுரை விளக்குகிறது. வாரம் முழுவதும் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிற்கூடத்தின் தேவைகள் வேறு. அவற்றை இங்கே தொடவில்லை.

## காற்றில் சேர்பவை இரண்டு

ஸ்பிரே கன் பெயின்டை மிகச் சிறு துளிகளாக உடைத்து வீசுகிறது. துளிகள் எல்லாம் பொருளின்மீது படிந்துவிடுவதில்லை. சில ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன, சில மோதித் தெறித்துக் காற்றிலேயே மிதக்கின்றன. இப்படிப் பொருளில் ஒட்டாமல் போகும் துளிகளை மிகைத்தெளிப்பு என்று வைத்துக்கொள்வோம். பழைய உயர் அழுத்தக் கன்களில் பெயின்டில் பாதிக்கும் மேல் இவ்வாறு வீணாகலாம். காற்றை அதிகமாகவும் அழுத்தத்தைக் குறைவாகவும் பயன்படுத்தும் எச்.வி.எல்.பி. வகைக் கன்னில் முனையழுத்தம் சுமார் 0.7 பாருக்குள் இருக்கும். பெயின்டில் குறைந்தது 65 விழுக்காடு பொருளைச் சேர வேண்டும் என்பது அந்த வகைக்கு வைக்கப்பட்டுள்ள அளவுகோல். அதாவது நல்ல கன்னைச் சரியாகப் பிடித்தாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குப் போகக்கூடும்.

இரண்டாவதாகச் சேர்வது கரைப்பானின் ஆவி. பெயின்டைத் தெளிக்கும் பதத்துக்கு நீர்க்கச் செய்யும் தின்னர் போன்ற திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். லேக்கருக்கு (விரைவில் காயும் பளபளப்புப் பூச்சு) என்று கடையில் வாங்கும் தின்னரில் டொலுவீன், அசிட்டோன் முதலிய பல கரைப்பான்கள் கலந்திருக்கும். கரைப்பான் பொருளில் தங்குவதற்காகச் சேர்க்கப்படுவதில்லை. அது முழுவதும் ஆவியானால்தான் பெயின்ட் காயும். ஆகவே டப்பாவில் ஊற்றிய ஒவ்வொரு சொட்டுத் தின்னரும், தெளிக்கும்போதோ காயும்போதோ, அந்த இடத்துக் காற்றில் வந்து சேர்ந்தே தீரும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம். மிகைத்தெளிப்பு துளி என்பதால் வடிகட்டியில் சிக்கும். கரைப்பான் ஆவி வாயு என்பதால் அதே வடிகட்டிக்குள் தடையின்றிப் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். பூத்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே பிறக்கின்றன.

## சாம்பிராணிப் புகையைக் கவனியுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை பூஜை அறையில் சாம்பிராணி போடும்போது புகை எப்படி நடந்துகொள்கிறது என்பதை எல்லோரும் பார்த்திருப்போம். கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு சன்னலைத் திறந்தால், புகை சன்னலருகே சற்று அசைந்துவிட்டு அறைக்குள்ளேயே தேங்கி நிற்கும். சன்னலுக்கு நேரெதிரே உள்ள கதவையும் திறந்துவிட்டால், புகை வரிசை பிடித்தாற்போல் வெளியேறும். கதவும் சன்னலும் ஒரே மூலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், காற்று குறுக்கு வழியில் நுழைந்து வெளியேறிவிட, எதிர் மூலையில் உள்ள புகை இருந்த இடத்திலேயே இருக்கும்.

பூத்திலும் நடப்பது இதுதான். வெளியேறும் காற்றின் அளவுக்கு உள்ளே வேறு காற்று வந்தாக வேண்டும்; அதற்கு ஈட்டுக்காற்று என்று பெயரிடலாம். ஈட்டுக்காற்றுக்கு வழி வைக்காமல் எவ்வளவு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டினாலும் அது வெறுமனே சுழலுமே தவிரக் காற்றை நகர்த்தாது. நுழைவாயும் வெளிவாயும் எதிரெதிர் முனைகளில் இருக்க வேண்டும். இரண்டும் சிறு துளைகளாக இல்லாமல், கூடுமானவரை அந்த முனைச் சுவரின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும். இப்படி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கிடைமட்டமாகக் காற்று ஓடும் அமைப்பே குறுக்கோட்டம். வண்டிக் கூடங்களில் கூரையிலிருந்து தரை நோக்கிக் காற்றை இறக்கும் அமைப்பும் உண்டு. அதற்குத் தரைக்கடியில் பள்ளம் வேண்டும் என்பதால் வீட்டுக்குக் குறுக்கோட்டமே ஏற்றது.

காற்று எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்? தொழிற்கூடங்களில் நொடிக்கு அரை மீட்டர் என்பது நீண்டகாலமாகப் புழங்கும் அளவு. எப்போதாவது தெளிக்கும் வீட்டுப் பூத்துக்கு அதில் பாதியை, அதாவது நொடிக்கு 0.25 மீட்டரைக் குறைந்தபட்ச இலக்காகக் கொள்ளலாம். அதைவிடக் குறைந்தால் மூட்டம் தெளிப்பவரின் முகத்துக்கு நேரே மிதக்கும். மிக அதிகமானால் துளிகள் பொருளைச் சேரும் முன்பே காய்ந்து, பூச்சு சொரசொரப்பாகிவிடும்.

இனிக் கணக்கு எளிது. 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு கூடாரத்தை எடுத்துக்கொள்வோம். காற்று ஓடும் முகப்பின் பரப்பு 4 சதுர மீட்டர். அதை 0.25 ஆல் பெருக்கினால் நொடிக்கு 1 கன மீட்டர், மணிக்கு 3,600 கன மீட்டர். குளியலறையில் மாட்டும் 10 செ.மீ. எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்குச் சுமார் 100 கன மீட்டர் காற்றையே நகர்த்தும். அப்படிப்பட்ட ஒன்றைக் கூடாரத்தில் பொருத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், தேவையில் முப்பதில் ஒரு பங்கைக்கூடப் பெறவில்லை. மேசைமேல் வைத்துச் சிறு பொருள்களுக்கு அடிக்கும் பெட்டிப் பூத்துக்குக் கணக்கு வேறு: 60 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள வாய்க்கு, நொடிக்கு அரை மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் மணிக்கு 540 கன மீட்டர் போதும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். தெளிக்கும்போது துளியும் ஆவியும் காற்றில் சேர்கின்றன. இரண்டையும் வெளியேற்ற எதிரெதிரே அகன்ற நுழைவாயும் வெளிவாயும் வேண்டும். முகப்பின் பரப்பைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் தேவையான விசிறியின் அளவு கிடைக்கும்.

## தீப்பற்றும் எல்லையும் மூச்சின் எல்லையும்

கரைப்பான் ஆவி காற்றில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தை எட்டினால்தான் பற்றும். அந்தக் கீழ்வரம்பைத் தீப்பற்று எல்லை என்போம். டொலுவீனுக்கு அது சுமார் 1.2 விழுக்காடு, அசிட்டோனுக்குச் சுமார் 2.5 விழுக்காடு. டொலுவீன் 4 பாகை செல்சியஸிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை வெளியிடும். அசிட்டோன் உறைநிலைக்குக் கீழேகூட வெளியிடும். டர்பனின் குளிர்கால இரவுகள் பொதுவாக இவற்றைத் தடுக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை.

நமது 12 கன மீட்டர் கூடாரத்தை முழுவதும் மூடிவிட்டு, அதற்குள் கால் லிட்டர் டொலுவீன் ஆவியானதாக வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 58 லிட்டர் ஆவியாக விரியும். கூடாரம் முழுவதும் சமமாகப் பரவினால் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. தீப்பற்று எல்லையில் பாதிகூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் ஆவி சமமாகப் பரவுவதில்லை. டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. அசிட்டோன் ஆவி இரண்டு மடங்கு. காற்று அசையாத இடத்தில் அவை கீழிறங்கித் தரையோரம் தேங்கும். தலை உயரத்தில் வாசனை குறைவாக இருக்கும்போதே கணுக்கால் உயரத்தில் எல்லை கடந்திருக்கலாம். எக்ஸ்டென்ஷன் ஒயரின் பிளக்கும், கன்னுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்பிரசரின் அழுத்தச் சுவிட்சும், கராஜில் வைத்திருக்கும் டீப் ஃப்ரீசரின் தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் அந்தத் தாழ்வான இடத்தில்தான் இருக்கின்றன.

இப்போது காற்றோட்டத்தை இயக்கிப் பார்ப்போம். அதே கால் லிட்டர், பத்து நிமிடம் தெளிக்கும்போது, நொடிக்கு 1 கன மீட்டர் வீதம் ஓடும் 600 கன மீட்டர் காற்றில் கலக்கிறது. விகிதம் 0.01 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. தீப்பற்று எல்லையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை கூடாரத்தின் காற்று முழுவதும் மாறுவதால் தரையோரம் தேங்கவும் நேரமில்லை. பூத் தீயிலிருந்து காப்பது இவ்வாறு நீர்க்கச் செய்துதான்; பிளாஸ்டிக் தாளுக்கு இதில் பங்கே இல்லை.

ஆனால் அந்த 0.01 விழுக்காடு என்பது பத்து லட்சத்தில் நூறு பங்கு. டொலுவீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள எட்டு மணிநேரப் பணிக்கால வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கு; குறுகிய நேரத்துக்கு 100. தீயின் எல்லையிலிருந்து வெகு தூரம் விலகி வந்த பிறகும் மூச்சின் எல்லை அருகிலேயே இருக்கிறது. "நல்ல ஃபேன் போட்டிருக்கிறேன், முகமூடி எதற்கு?" என்று கேட்பவருக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

## விசிறி தள்ள வேண்டுமா, இழுக்க வேண்டுமா?

வெளிவாயில் விசிறியை வைத்துக் காற்றை இழுத்தால், கூடாரத்துக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறையும். ஏதாவது கிழிசல் இருந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே வருமே தவிர ஆவி வெளியே கசியாது. வீட்டோடு ஒட்டிய அறையில் இது பெரிய நன்மை. ஆனால் மூன்று குறைகள் உண்டு. கிழிசல் வழியாக வடிகட்டப்படாத தூசியும் உள்ளே வரும். மெல்லிய பிளாஸ்டிக் சுவர் உள்நோக்கி உப்பி, ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஆவி கலந்த காற்று முழுவதும் விசிறியின் மோட்டாரைத் தொட்டுக்கொண்டே செல்லும். சாதாரண வீட்டு விசிறியின் மோட்டாரோ சுவிட்சோ அதற்காகச் செய்யப்பட்டதில்லை. மிகைத்தெளிப்பு இறக்கையிலும் மோட்டாரிலும் படிந்து சூட்டையும் கூட்டும். தொழிற்கூடங்களில் பொறி எழாத வகையில் செய்த விசிறியையோ, மோட்டாரைக் குழாய்க்கு வெளியே வைத்துப் பெல்ட்டால் சுழற்றும் விசிறியையோ பயன்படுத்துவது இதனால்தான்.

நுழைவாயில் விசிறியை வைத்துத் தள்ளினால், மோட்டாரைத் தொடுவது வெளியிலிருந்து வரும் சுத்தக் காற்று மட்டுமே. சுவர்கள் வெளிநோக்கி உப்பி விறைப்பாக நிற்கும். கிழிசல் வழியாகத் தூசி வராது. குறை ஒன்றுதான்: ஆவி எல்லா இடுக்கு வழியாகவும் வெளியே கசியும். ஆகவே தள்ளும் பூத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. முற்றத்தில் தனியாக நிற்கும் கூடாரத்துக்கோ, முழுக்கத் திறந்த கராஜ் வாயிலில் வெளிவாய் வெளியே பார்க்குமாறு நிறுத்தும் கூடாரத்துக்கோ அது பொருந்தும். எப்போதாவது தெளிப்பவருக்கு, கடையில் கிடைக்கும் சாதாரண விசிறியை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதில் இதுவே பாதுகாப்பானது என்பது என் கருத்து. விசிறியையும் கம்பிரசரையும் ஒன்றாக, காற்று வரும் பக்கத்தில், கூடாரத்துக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

வெளிவாய் விடும் காற்றை நுழைவாய் திரும்ப உறிஞ்சிவிடாமல் பார்ப்பதும் தேவை. டர்பன் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கிறது. வடகிழக்குக் காற்று அடிக்கும் நாளில் வெளிவாய் தென்மேற்கைப் பார்த்தால் இயற்கையும் சேர்ந்து தள்ளும். மாற்றி நிறுத்தினால் விசிறியோடு மல்லுக்கு நிற்கும்.

சுருக்கமாகச் சொன்னால், இழுக்கும் அமைப்பு கசிவைத் தடுக்கும், ஆனால் அதற்கு உரிய விசிறி வேண்டும். தள்ளும் அமைப்பு சாதாரண விசிறியைப் பாதுகாக்கும், ஆனால் அதற்குத் திறந்த வெளி வேண்டும்.

## வடிகட்டிகள் செய்வதும் செய்யாததும்

நுழைவாயில் வைக்கும் வடிகட்டி தூசியையும் பூச்சிகளையும் தடுக்கிறது. ஏர்கண்டிஷனருக்கு விற்கும் நாரிழைப் பஞ்சுத் தாள் இதற்குப் போதும். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. விசிறியிலிருந்து காற்று ஒரு கற்றையாகப் பாய்கிறது. அது நேரே பொருளின்மேல் அடித்தால் துளிகளைச் சிதறடிக்கும். விசிறிக்கும் வடிகட்டிக்கும் இடையே 30 முதல் 40 செ.மீ. இடைவெளி விட்டு, முனைச் சுவரின் பெரும்பகுதியை வடிகட்டித் தாளாலேயே அமைத்தால், காற்று அங்கே தேங்கி, தாள் முழுவதும் பரவி, மெதுவாக உள்ளே நுழையும்.

வெளிவாயில் வைக்கும் வடிகட்டி மிகைத்தெளிப்பைப் பிடிக்கிறது. பெயின்ட் கடைகளில் கிடைக்கும் கண்ணாடியிழைத் தாள் இதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு பக்கம் தளர்வாகவும் மறு பக்கம் நெருக்கமாகவும் இருக்கும். தளர்வான பக்கம் பெயின்டைப் பார்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியிலும், அடுத்த கராஜில் நிற்கும் காரிலும் உங்கள் கேட்டின் நிறம் படியும். 1960களில் இந்தியர்களுக்கென்று எழுப்பப்பட்ட சாட்ஸ்வர்த்தில் ஒட்டு வீடுகளே அதிகம். அங்கே இந்த வடிகட்டி அண்டை வீட்டு உறவுக்கும் தேவைப்படுகிறது.

இவ்விரு வடிகட்டிகளும் ஆவியைப் பிடிக்காது என்பதை மீண்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆவியை ஈர்க்கும் கரித்தாள்கள் உண்டு. ஆனால் நொடிக்கு ஒரு கன மீட்டர் ஓடும் காற்றுக்கு மெல்லிய கரித்தாள் ஒரு பொருட்டே இல்லை. வடிகட்டிய காற்றை மீண்டும் கராஜுக்குள்ளேயே விடுபவர், நிறத்தை நீக்கிவிட்டு நஞ்சை வைத்துக்கொள்கிறார்.

## ஈரப்பதத்துக்குப் பூத் மருந்தாகாது

கடற்கரை நகரங்களில் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் தேவை. லேக்கர் அடித்த சில நொடிகளில் பூச்சு பால் படிந்தாற்போல் வெளுத்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மட்டமான பெயின்ட் என்று கடைக்காரரைத் திட்டுவதும் வழக்கம். காரணம் பெரும்பாலும் காற்றில் இருக்கிறது.

கரைப்பான் ஆவியாகும்போது அடியிலுள்ள பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். 26 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள டர்பன் கோடை நாளில் பனிநிலை 22 பாகைக்குச் சற்று மேல். வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பை நான்கு பாகை குளிரச் செய்தாலே நீர் ஈரப் பூச்சின்மேல் படிந்து, பூச்சுக்குள் சிக்கி, வெண்மையாகத் தெரிகிறது. ஜோஹன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் குளிர்காலப் பகலில் 18 பாகையும் 30 விழுக்காடும் இருந்தால் பனிநிலை 0 பாகையை ஒட்டியிருக்கும். அங்கே அதே பெயின்ட், அதே தின்னர், எந்தத் தொல்லையும் தராது.

பூத் வெளிக்காற்றை அப்படியே இழுத்து அனுப்புகிறது; அதை உலர்த்துவதில்லை. எனவே வெளியே ஈரமென்றால் உள்ளேயும் ஈரம்தான். தைப்பூசம் வருவது தை மாதத்தில், அதாவது டர்பனின் ஈரம் மிகுந்த சனவரி, பிப்ரவரியில். காவடிச் சட்டத்துக்கு லேக்கர் அடிக்க நினைப்பவர் அந்த வாரம் வரை காத்திராமல், வறண்ட சூன், சூலை மாதங்களிலேயே அந்த வேலையை முடித்து வைப்பது நல்லது. கோடையில்தான் முடியும் என்றால், மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்டு வாங்கி, ஈரப்பதம் குறையும் முன்மதியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பரப்பின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயின்டர்கள் பின்பற்றும் விதி. மழைக்கு முந்திய மாலையில் அது அமையாது.

## தூசி பெரும்பாலும் நம்மோடு வருகிறது

நுழைவாயில் வடிகட்டி வைத்த பிறகும் பூச்சில் மணல்போல் துகள்கள் இருந்தால், அவை பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வந்தவை: அணிந்திருக்கும் உடை, கூடாரத்தின் தரை, உப்புத்தாள் தேய்த்தபின் சரியாகத் துடைக்காத பொருள். கூடாரத்துக்குள் ஒருபோதும் உப்புத்தாள் தேய்க்கக் கூடாது. தரையை ஈரமாக்கினால் தூசி எழும்பாது. ஆனால் டர்பன் கோடையில் அது ஈரத்தையும் கூட்டும் என்பதால், தரையை மூடிய தாளை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது மேல். பெயின்ட் எடுக்கும் முன் விசிறியைச் சில நிமிடம் ஓடவிட்டால் மிதக்கும் துகள்கள் வெளியேறிவிடும்.

## முகமூடியும் ஹார்டனரும்

தூசி முகமூடி துளிகளை மட்டும் தடுக்கும். ஆவியைத் தடுக்க, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். ஐரோப்பிய முறைப்படி அதன் பட்டை பழுப்பு நிறத்தில் இருக்கும், துகள் வடிகட்டியும் சேர்ந்திருந்தால் வெள்ளைப் பட்டையும் இருக்கும். பயன்படுத்தாத நேரத்தில் காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால், கார்ட்ரிட்ஜ் சும்மா கிடந்தே தீர்ந்துவிடும்.

பெயின்டோடு, அதை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இருகூட்டுப் பெயின்டுகள் தனி வகை. கார்களுக்கு அடிக்கும் பளபளப்பான கிளியர் கோட் பெரும்பாலும் இதுதான். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அது உடலில் ஒவ்வாமையை விதைத்துவிட்டால், பிறகு மிகச் சிறு அளவும் கடும் ஆஸ்துமாவைத் தூண்டும். அந்த ஒவ்வாமை பொதுவாக நீங்குவதில்லை. கரைப்பான்களைப்போல் வாசனையால் எச்சரிக்கவும் செய்யாது என்பதால், கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை அறிய வழியில்லை. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்றைத் தரும் முகக்கவசம் இல்லாமல் இவற்றைத் தெளிக்கக் கூடாது. நான் பேசிக்கொண்டிருக்கும் கூடாரம் இந்த வேலைக்கு உரியதன்று; அப்படிப்பட்ட பூச்சு வேண்டுமென்றால் தொழிற்கூடத்திடம் கொடுத்துவிடுவதே முறை.

## கூடாரத்தை எழுப்புதல்

மேலே சொன்னவை புரிந்துவிட்டால் கட்டுவதில் பெரிய வித்தை இல்லை. பி.வி.சி. குழாய்களையும் மூட்டுகளையும் பசை போடாமல் செருகி 2 மீட்டர் அகலமும் உயரமும், 3 மீட்டர் நீளமும் உள்ள சட்டம் செய்துகொள்ளலாம். பசை இல்லாததால் கழற்றிக் கட்டி வைக்க முடியும். காற்று அதிகமுள்ள முற்றத்தில் நான்கு கால்களிலும் மணல் மூட்டை கட்ட வேண்டும். மேலேயும் இரு பக்கங்களிலும் கனமான தெளிந்த பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஒரு பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு தாள்களை வாசலாக விட வேண்டும். வாசலுக்கு ஜிப்போ பூட்டோ வேண்டாம். தீ என்றால் உடலால் தள்ளிக்கொண்டு வெளியேற முடிய வேண்டும்.

நுழைமுனையில் விசிறி, இடைவெளி, வடிகட்டிச் சுவர் என்று வரிசையாக அமையும். வடிகட்டிகள் காற்றைத் தடுப்பதால், கணக்கில் வந்த 3,600 கன மீட்டரைவிடக் கணிசமாக அதிகத் திறன் எழுதிய விசிறியாகப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பது தடையே இல்லாத நிலையில் எடுத்த அளவு. இறக்கை விசிறி தடையைக் கண்டால் விரைவில் தளர்ந்துவிடும். வெளிமுனையை முழுக்கக் கண்ணாடியிழைத் தாளுக்கு விட்டுவிடலாம்.

விளக்கு உள்ளே வேண்டாம். எல்.இ.டி. விளக்குகளைத் தெளிந்த தாளுக்கு வெளியே, இரு பக்கமும் இடுப்பு உயரத்தில் நிறுத்தினால், பொருளின்மேல் சாய்வாக விழும் ஒளியில் ஈரப் பூச்சின் ஓரம் தெளிவாகத் தெரியும். மின்சாரம் எல்லாமே, வீட்டின் பலகையில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் வழியாக வர வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை முதலில் அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக விடாமல் முழுவதும் பிரித்துவிட வேண்டும். சுருளில் சூடு ஏறும். வீட்டுக்குள் செல்லும் கதவு, கேஸ் கீசர், பூஜை விளக்கு, பக்கத்து வீட்டில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பு ஆகியவை வெளிவாய்க்கு எதிரே இல்லையென்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயின்ட் டப்பாவையே திறக்காத நிலையில், ஊதுபத்தியோடு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். பொருள் நிற்கும் இடத்திலும், நான்கு மூலைகளிலும், தரையோரத்திலும் புகை வெளிவாயை நோக்கிச் சாய வேண்டும். எங்காவது சுழன்று நின்றால், அந்த மூலையில் வடிகட்டித் தாளை விரிவாக்கியோ பொருளை நகர்த்தியோ சரிசெய்யலாம். சோதனை முடிந்ததும் ஊதுபத்தியை அணைத்து அப்புறப்படுத்திய பிறகே தின்னரைக் கொண்டுவர வேண்டும்.

தெளிக்கும்போது காற்றுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். பொருளுக்கும் வெளிவாய்க்கும் நடுவில் நின்றால் மூட்டம் முழுவதும் உங்கள்மேல் வரும். மின்வெட்டு அறிவிப்பு உண்டா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். நடுவில் மின்சாரம் போனால் விசிறி நின்றுவிடும், ஆனால் கம்பிரசர் தொட்டியில் சேர்ந்த காற்றால் கன் இன்னும் சிறிது நேரம் தெளிக்கும். அந்த மீதிக் காற்றில் வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காமல் உடனே வெளியேற வேண்டும்.

சொந்தப் பொருளுக்கு எப்போதாவது தெளிப்பது ஒன்று. காசு வாங்கிக்கொண்டு மற்றவர் வண்டிக்கு அடிப்பது வேறு. தென்னாப்பிரிக்க மாநகராட்சிகளின் தீயணைப்பு விதிகள் தெளிப்பு அறைகளுக்குத் தனி அனுமதி கேட்பது வழக்கம். வேலை பெருகும் அறிகுறி தெரிந்தால் உள்ளூர் தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக் காப்பீட்டின் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

## தெளித்து முடிந்த பிறகு

கன்னைக் கீழே வைத்ததும் விசிறியை நிறுத்துவதே பரவலான வழக்கம். அடித்த பூச்சில் இன்னும் பெரும்பங்கு கரைப்பான் இருக்கிறது. அது அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆவியாகி வரும். பூச்சைத் தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை விசிறி ஓட வேண்டும். கன்னைக் கழுவும் தின்னரும் அதே காற்றோட்டத்தில், மூடியிட்ட டப்பாவுக்குள் போக வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பயன்படுத்திய வெளிவாய் வடிகட்டியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் திணிப்பது ஆபத்தானது. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் உலர்ந்த துகள் மிக எளிதில் பற்றும். ஆளி எண்ணெய் கலந்த பெயின்டோ வார்னிஷோ தோய்ந்த துணியும் தாளும், காற்றுப்பட்டுத் தாமாகவே சூடேறி எரியக்கூடியவை. அவற்றை மூடியுள்ள உலோக வாளியில் தண்ணீரில் அமிழ்த்தி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, மாநகராட்சியின் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். நுழைவாய் வடிகட்டியைத் தூசி தட்டி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தாளில் படிந்த பெயின்ட் உதிரத் தொடங்கிவிட்டால், அதை மடித்து வைக்காமல் புதிய தாள் வாங்கிக்கொள்வது நல்லது.